கூரை பாதியில் நின்றால்: 1961–63 லிங்கன் கான்டினென்டல் கன்வெர்டிபிளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

கூரையை இறக்க சுவிட்சை அழுத்துகிறீர்கள். டிக்கி மூடி பின்பக்கக் கீலில் எழும்பி, சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கூரை அசையவில்லை, மூடியும் இறங்கவில்லை. ஐந்தரை மீட்டர் நீள வண்டி, டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிறார்கள். இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பார்கள். என்னிடம் இருக்கும் 1962 மாடலில் நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

அந்த நேரத்தில் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். விட்டுவிட்டு, எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்று பாருங்கள். பழுது எங்கே என்பதை இந்த வண்டி தானே காட்டிக்கொடுக்கும். நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் எந்த வேலை முடிந்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இது தெரியாமல் ரிலேக்களை (சின்ன மின்சாரத்தில் இயங்கி, மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சுகள்) வரிசையாக மாற்றி, பணத்தைச் செலவழித்து, கடைசியில் ஒரு சின்ன சுவிட்சில் அழுக்கு படிந்திருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் பலர்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். எல்வுட் எங்கெல் வரைந்த வடிவத்தில், மிச்சிகனில் இருந்த விக்ஸம் ஆலையில் தயாரான வண்டி இது. 1961-இல் வந்த கன்வெர்டிபிள்கள் 2,857 மட்டுமே. நான்கு கதவு, துணிக்கூரை, அந்தக் கூரை முழுவதும் டிக்கிக்குள் மறைந்துபோகும். வெளியே மடிப்போ உறையோ எதுவும் தெரியாது. இதற்கான வித்தையை லிங்கனின் தாய் நிறுவனமான ஃபோர்டு ஏற்கெனவே 1957 முதல் 59 வரை விற்ற ஸ்கைலைனர் வண்டியில், இரும்புக் கூரையையே டிக்கிக்குள் மடக்கிப் பழகியிருந்தது. கணினி எதுவும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு ரிலேக்கள், ஏறக்குறைய அதே அளவு லிமிட் சுவிட்சுகள், மின் மோட்டார்கள், எண்ணெய் அழுத்தம் தரும் பம்புகள். அவ்வளவுதான்.

கூரை இறங்கும் வரிசை இது. டிக்கி மூடியைப் பிடித்திருக்கும் திருகுப் பூட்டுகளை ஒரு மோட்டார் கழற்றுகிறது. பம்ப் ஓடி, எண்ணெய் சிலிண்டர்கள் மூடியைத் தூக்குகின்றன. முன் கண்ணாடிச் சட்டத்தோடு கூரையைப் பிடித்திருக்கும் திருகுகள் சுழன்று கழல்கின்றன. கூரை எழும்பி, பின்னால் மடிந்து டிக்கிக்குள் படுக்கிறது. பின் இருக்கைக்கும் மூடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மறைக்கும் பலகை தன் இடத்துக்கு வருகிறது. மூடி இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. ஏற்றும்போது இதுவே தலைகீழாக நடக்கும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று: ஒவ்வொரு வேலையும் முழுதாக முடிந்ததை ஒரு லிமிட் சுவிட்ச் உணர்ந்து சொன்னால்தான் அடுத்த வேலைக்கு மின்சாரம் போகும். முக்கால்வாசி முடிந்தாலும் கணக்கில் வராது. மூடி இன்னும் அரை அங்குலம் எழும்ப வேண்டியிருந்தால், கூரையின் மோட்டாரைப் பொறுத்தவரை மூடி திறக்கவே இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. மூடி பெரியது, கனமானது. எண்ணெய் அழுத்தத்தை நம்பி அதன் கீழே தலையையோ கையையோ நுழைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு உள்ளே குனியுங்கள். மின்சாரம் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும் என்றால், சுவிட்சுப் பக்கத்தில் உங்கள் பேச்சைக் கேட்கும் ஆள் ஒருவரை உட்கார வையுங்கள். நீங்கள் சொல்லாமல் அவர் எதையும் தொடக்கூடாது.

சுவிட்சை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

சத்தமும் இல்லை, அசைவும் இல்லை என்றால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, மோட்டார் இழுக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால் அது பழைய பேட்டரிதான். 1961, 62 மாடல்களில் டைனமோதான் இருந்தது, ஆல்டர்னேட்டர் 1963-இல் வந்தது. டைனமோ ஐடிலில் அதிகம் கொடுக்காது. அதனால் கூரையை இயக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, வேகத்தைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் செய்து சரியான வண்டிகளும் உண்டு.

அடுத்தது டிக்கி. சாமான் வைப்பதற்காக டிக்கியை மட்டும் தனியாகத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். திறந்தால் பம்ப், எண்ணெய், மூடிப் பூட்டு எல்லாம் நன்றாக இருக்கின்றன. பழுது கூரையின் கட்டளைப் பக்கத்தில், அதாவது டாஷ்போர்டு சுவிட்சிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. டிக்கியும் திறக்கவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான மின்வரவைப் பாருங்கள். சர்க்யூட் பிரேக்கர் சூடாகித் துண்டித்திருக்கலாம். சில நிமிடம் ஆறவிட்டால் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் அது ஏன் துண்டித்தது என்று தேடாமல் விட்டால் நாளைக்கும் துண்டிக்கும்.

டக் டக் என்று கேட்கிறது, எதுவும் நகரவில்லை

இது நல்ல அறிகுறி. ரிலேவுக்குக் கட்டளை வருகிறது என்று பொருள். ரிலேவிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரில் மல்டிமீட்டரை வைத்து, சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். ரிலேவுக்குள் நுழையும் முனையில் 12 வோல்ட் இருந்து வெளியே போகும் முனையில் இல்லை என்றால் உள்ளே தொடுபுள்ளி எரிந்திருக்கிறது. இரண்டிலும் இருக்கிறது, மோட்டார் ஓடவில்லை என்றால், மோட்டாரைக் குறை சொல்லும் முன் அதன் எர்த் ஒயரைப் பாருங்கள்.

எர்த்தைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அறுபது வயது தாண்டிய இரும்பு இது. பாடியோடு திருகி வைத்த எர்த் முனையின் கீழே பெயிண்டும் துருவும் படிந்திருக்கும். ஓம் மீட்டரில் வைத்துப் பார்த்தால் நன்றாக இருப்பதாகவே காட்டும், ஏனென்றால் அந்த மீட்டர் அனுப்புவது சொட்டு மின்சாரம். மோட்டார் இழுக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். மோட்டாரின் உடலில் ஒரு முனை, பேட்டரியின் நெகட்டிவில் ஒரு முனை வைத்து, சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. முனையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். என் வண்டியில் மூன்றில் இரண்டு தடவை இதுதான் பழுது.

மூடி முழுதாக எழும்பியது, கூரை அசையவில்லை

முதலில் சொன்ன கடை வாசல் காட்சி. அடிக்கடி வருவதும் இதுதான். மூடி முழுதாகத் திறந்ததைச் சொல்ல வேண்டிய லிமிட் சுவிட்ச் சொல்லவில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு: மூடி உண்மையிலேயே முழுதாக எழும்பவில்லை, சுவிட்சின் இடம் நகர்ந்திருக்கிறது, அல்லது சுவிட்சே கெட்டிருக்கிறது.

பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று. உதவிக்கு இருப்பவர் சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கட்டும். நீங்கள் வண்டியின் பக்கவாட்டில் நின்று, மூடியின் விளிம்பைப் பிடித்து, அது திறக்கும் திசையிலேயே மெல்லத் தள்ளுங்கள். ஒரு விரற்கடை நகர்ந்ததும் உள்ளே எங்கோ ஒரு டக், முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் திருகுகள் சுழலும் உறுமல். அப்படி நடந்தால் சுவிட்ச் நல்ல சுவிட்ச். ஒன்று எண்ணெய் குறைந்து மூடிக்குக் கடைசி விரற்கடை ஏறத் தெம்பில்லை, அல்லது சுவிட்சைச் சற்று முன்னால் நகர்த்திப் பூட்ட வேண்டும். எண்ணெயை முதலில் பாருங்கள். எண்ணெய் குறைந்திருக்கும்போது சுவிட்சை நகர்த்திச் சமாளித்தால், மூடி சரியாக எழும்பாமலே கூரை கிளம்பிவிடும். துணியும் மூடியும் உரசிக்கொள்ளும். துணி கிழிந்தால் அது ரிலேயைவிடப் பல மடங்கு செலவு.

தள்ளியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மூடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சுவிட்சின் குமிழை விரலால் அழுத்திப் பாருங்கள். வில்லின் எதிர்ப்பு தெரிய வேண்டும், விட்டதும் வெளியே துள்ள வேண்டும். பழைய கிரீஸ் காய்ந்து பிசின்போல் ஆகி, குமிழ் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். மின்தொடர்பு சுத்திகரிப்பான் தெளித்து, இருபது தடவை அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

லிமிட் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு வீடு போய்ச் சேரலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அந்த சுவிட்ச் காவல் நிற்பதே ஒன்றின் மேல் ஒன்று மோதாமல் இருக்கத்தான். அதை ஏமாற்றினால் மூடி பாதி திறந்திருக்கும்போதே கூரை கிளம்பலாம், கூரை வெளியே நிற்கும்போதே மூடி இறங்கலாம். வழியில் மாட்டிக்கொண்டால் சுவிட்சை எதிர்ப்பக்கம் அழுத்திப் பாருங்கள். வந்த வழியே திரும்பி மூடிக்கொண்டால், கூரையோடு வீடு போய்விடலாம்.

முன்பக்கத் திருகு உறுமுகிறது, கூரை எழவில்லை

கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே, கூரையின் முன்விளிம்புக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. அதிலிருந்து வளையும் கேபிள்கள் இரண்டு பக்கத் திருகுகளுக்கும் போகின்றன. ஒரு பக்கம் கழன்று மறுபக்கம் கழலவில்லை என்றால் அந்தப் பக்கக் கேபிள் முறிந்திருக்கும், அல்லது முனை வழுக்கும். முன் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு திருகுகளையும் நேராகப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும்.

இரண்டும் திணறினால், உள்ளங்கைகளால் கூரையின் முன்விளிம்பைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். புதிய துணி போட்ட வண்டிகளில் துணியின் இழுவிசையே திருகைக் கவ்விப் பிடித்திருக்கும். அழுத்தியதும் எளிதாகக் கழன்றால் பழுது மின்சாரத்தில் இல்லை. துணி இழுவையிலும் முன்விளிம்பின் பொருத்தத்திலும் இருக்கிறது. திருகில் லேசாக கிரீஸ் தடவி, வெயிலில் சில நாள் கூரையை மூடி வைத்தால் துணி தளரும்.

மூடி மெதுவாக எழும்புகிறது, அல்லது கோணலாக எழும்புகிறது

இங்கே காதுதான் கருவி. எண்ணெயை அழுத்தும் பம்ப் கனமான தொனியில் முனகும். சுமை ஏற ஏறத் தொனி இன்னும் தாழும். அது மெல்லிய குரலில், எதையும் தூக்காததுபோல் விர்ரென்று சுற்றினால் தொட்டியில் எண்ணெய் இல்லை, அல்லது காற்று புகுந்திருக்கிறது. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சிலிண்டர்களின் அடியிலும் ஹோஸ் இணைப்புகளிலும் சிவந்த ஈரம் தெரியும். கையேட்டில் சொன்ன டிரான்ஸ்மிஷன் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் எண்ணெயைக் கலந்தால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும், சிந்தினால் பெயிண்டும் போகும். நிரப்பிய பின் கூரையை நான்கைந்து தடவை ஏற்றி இறக்கினால் காற்று தானாக வெளியேறும்.

கோணலாக எழும்பினால் ஒரு பக்கச் சிலிண்டர் பலவீனம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கோணலாக இழுபடும் மூடியில் கீல்கள் வளையும். அதை நேராக்குவது பெரிய வேலை. சிலிண்டர்களை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்தது, மூடி கடைசியில் பூட்டவில்லை

மூடி இறங்கி உட்கார்ந்துவிட்டது, பூட்டும் சத்தம் மட்டும் வரவில்லை. முதலில் டிக்கிக்குள் சாமான் இருக்கிறதா என்று பாருங்கள். கூரை மடிந்திருக்கும்போது உள்ளே இடம் மிகக் குறைவு. ஒரு சின்னப் பை இருந்தாலும் மூடி முழுதாக உட்காராது. அப்புறம், இடைவெளியை மறைக்கும் பலகை சரியாக விரிந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரி என்றால் பூட்டு மோட்டாரும் அதன் கேபிள்களும்தான் பாக்கி. பூட்டாத மூடியோடு நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது.

பின்கதவைத் திறந்தால் கண்ணாடி ரப்பரில் உரசுகிறது

இந்த வண்டியில் பின்கதவுகள் பின்பக்கக் கீலில் தொங்குகின்றன. முன்கதவும் பின்கதவும் நடுவில் வந்து சந்திக்கும். கன்வெர்டிபிளில் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாததால், பின்கதவைத் திறந்த உடனே அதன் கண்ணாடி சில அங்குலம் தானாக இறங்கி, மூடியதும் மேலே ஏறிக்கொள்ளும். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த வேலைப்பாடு இதுதான். இறங்கவில்லை என்றால் கதவு நிலையில் உள்ள சுவிட்சையும், கதவுக்கும் பாடிக்கும் இடையில் வளைந்து வளைந்து போகும் ஒயர்க்கட்டையும் பாருங்கள். ரப்பர் குழாய்க்குள் ஒயர் முறிந்திருக்கும், வெளியே தெரியாது. ஒயர்க்கட்டைக் கையால் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே சுவிட்சைப் போட்டால், ஒரு கணம் கண்ணாடி துடிக்கும். அங்கேதான் முறிவு.

கண்ணாடி இறங்கி ஏறுகிறது, ஆனாலும் உரசுகிறது என்றால் கதவு தொங்கியிருக்கிறது. கதவின் முன்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது. டாஷ்போர்டில் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று எச்சரிக்கும் விளக்கு ஓட்டத்தில் விட்டு விட்டு எரிந்தாலும் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். காற்று, பின்பக்கக் கீல் கதவை இழுத்துத் திறக்கவே பார்க்கும். அந்த விளக்கை அலட்சியப்படுத்தாதீர்கள்.

வைப்பர் தளர்கிறது

பலர் மோட்டாரைத் தேடுவார்கள். இதில் வைப்பருக்கு மின்மோட்டார் கிடையாது. பவர் ஸ்டீரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில்தான் அது ஓடுகிறது. ஆகவே ஸ்டீரிங் எண்ணெய் மட்டத்தையும் பம்பின் பெல்ட்டையும் பாருங்கள். டாஷ்போர்டு குமிழிலிருந்து வால்வுக்குப் போகும் கேபிள் இறுகியிருந்தாலும் வேகம் மாறாது.

ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது

கேட்க மர்மமாக இருக்கும், ஆனால் சோதனை ஐந்து நிமிடம்தான். ஸ்டார்ட் நிலையில், ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்கு முழு 12 வோல்ட் நேராகப் போகும். சாவி ஓடும் நிலைக்குத் திரும்பியதும் அது ரெசிஸ்டர் (மின்தடை) வழியாகக் குறைந்து போகும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் அந்த நொடியே எஞ்சின் சாகும். சாவியை ஓடும் நிலையில் வைத்து, பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுபுள்ளி) மூடியிருக்கும்போது காயிலின் பாசிட்டிவ் முனையில் அளந்து பாருங்கள். பூஜ்யம் என்றால் ரெசிஸ்டரோ சாவி சுவிட்சோதான்.

சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது வேறு கதை. 430 கன அங்குல வி8, சுமார் ஏழு லிட்டர். பானெட்டின் கீழே சூடு தேங்கி நிற்கும். எஞ்சினை அணைத்த பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கும். இப்போது அமெரிக்காவில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். கால் மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்தபடி அடித்துப் பாருங்கள். கிளம்பினால் காயிலும் பாயிண்ட்டும் நலம். பெட்ரோல் குழாய் எஞ்சினைத் தொட்டுக்கொண்டு போகிறதா, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பத்தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ஹோஸ்களாக மாற்றிவிடுங்கள்.

பிரேக் பெடல் இறங்குகிறது

இந்த ஆண்டுகளின் வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஏதாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். நின்ற இடத்தில் பெடலை முப்பது வினாடி அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போனால், சக்கரங்களின் உட்பக்கத்தில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். வெளியே எங்கும் கசிவு இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே எண்ணெய் பின்வாங்குகிறது. இரண்டாயிரம் கிலோவைத் தாண்டிய வண்டி இது. கூரை பாதியில் நின்றாலும் ஓரமாக நிறுத்திப் பொறுமையாகப் பார்க்கலாம். இந்த ஒரு அறிகுறி தெரிந்தால் மட்டும் சாவியை எடுத்து வைத்துவிட்டு, டிரக்கில் ஏற்றி அனுப்புங்கள்.